நரியைத் துரத்தும் முன் கொட்டகையைப் பாருங்கள்

வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால்கூடக் கோழி ஓரிரு நாள் முன்பே அறிகுறி காட்டிவிடும். தீவனம் எடுக்காது, தலையைத் தொங்கப்போடும், எச்சத்தின் நிறம் மாறும். இரவில் நரி புகுந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. மாலையில் எண்ணி அடைத்த 40 கோழிகளில் காலையில் பத்துப் பன்னிரண்டு குறைந்திருக்கும். மிச்சமிருப்பவை மிரண்டுபோய் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை மூச்சுத்திணறிச் செத்திருக்கும். தப்பித்தவையும் சில நாட்களுக்கு ஒழுங்காக முட்டையிடாது.

கிராமத்தில் நாட்டுக்கோழி என்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம். பள்ளிக்கூடச் செலவு, மருத்துவச் செலவு, திருவிழாச் செலவு எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒரு கோழி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு கோழி போனால் கிட்டத்தட்ட 5,000 ரூபாய் ஒரே இரவில் போகிறது. இப்படி இரண்டு முறை நடந்துவிட்டால் அந்தக் குடும்பம் கோழி வளர்ப்பையே விட்டுவிடுகிறது. ஒருங்கிணைந்த பண்ணையத்தில் பயிரோடு ஆடு, கோழி, மீன் எல்லாம் சேர்த்து வளருங்கள் என்று நாம் சொல்கிறோம். இனம், தீவனம், தடுப்பூசி பற்றி விரிவாகப் பேசுகிறோம். ராத்திரி கோழி எங்கே, எப்படி அடைகிறது என்பதை மட்டும் விவசாயியின் பொறுப்பு என்று விட்டுவிடுகிறோம்.

இழப்பு நேர்ந்த வீட்டில் அடுத்து எழும் பேச்சு நரியை ஒழிப்பது பற்றித்தான் இருக்கும். கருவாட்டில் குருணை மருந்து கலந்து வைக்கலாமா, கண்ணி வைக்கலாமா, கம்பியில் கரண்ட் விடலாமா என்பதுதான் அந்தப் பேச்சு. கோபம் நியாயமானது. ஆனால் இந்த வழிகள் ஒன்றுகூட அடுத்த மாதம் கோழியைக் காப்பாற்றாது. ஒரு நரி செத்தால் அது உலவிய இடத்துக்கு வேறொரு நரி வந்துசேரும். கொட்டகையில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கும். இரவில் கோழி போவதற்குக் காரணம் கொட்டகையின் குறை. அதைச் சரிசெய்தால் நரி எத்தனை இருந்தாலும் கவலையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் சாரம்.

வந்தது யார்?

முதலில் வந்தது நரிதானா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் நரி என்று சொல்லும்போது இரண்டு விலங்குகள் கலந்துவிடுகின்றன. கூட்டமாக ஊளையிடும், நடுத்தர நாய் அளவுள்ள நரி ஒன்று. பூனையைவிடச் சற்றே பெரிதாக, மெலிந்த காலும் கருத்த நுனியுடைய அடர்ந்த வாலுமாக, பொட்டல் காட்டில் வளை தோண்டி வாழும் சிறிய நரி இன்னொன்று. ஊருக்கு ஊர் பெயர் மாறும். சிறியது பெரும்பாலும் எலி, பூச்சி, ஓணான், இலந்தைப்பழம் என்று தின்று வாழ்வது. குஞ்சு கிடைத்தால் விடாது. வளர்ந்த கோழியைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் பெரிய நரி.

நரி பெரும்பாலும் கோழியைக் கவ்விக்கொண்டு புதருக்குப் போய்விடும். கொட்டகையிலிருந்து வேலி, ஓடைப் பக்கம் இறகு வரிசையாகச் சிந்தியிருந்தால் நரியைச் சந்தேகிக்கலாம். பத்து இருபது கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் ஆங்காங்கே சிதறிக் கிடந்தால் அது பெரும்பாலும் தெருநாயின் வேலை. கூரை ஓலை விலகியிருந்தால், அருகில் கிளை தொங்கும் மரம் இருந்தால், மரநாய் இறங்கியிருக்கலாம். கீரி பகலில் நடமாடும் விலங்கு. இரவு இழப்புக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. குஞ்சுகள் மட்டும் தடயமே இல்லாமல் குறைந்தால் பெருச்சாளியும் பாம்பும்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. மாலையில் கொட்டகையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ நைசான மண்ணையோ பரப்பிவிடுங்கள். காலையில் தடம் தெரியும். நாய், நரி இரண்டுக்கும் நான்கு விரலும் நகக்குறியும் பதியும். நரியின் தடம் ஒடுங்கலாக, நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் போகும்; நாயின் தடம் அகலமாக, அங்கும் இங்கும் அலைந்திருக்கும். காட்டுப்பூனைக்கு நகக்குறி பதியாது. மரநாய்க்கு ஐந்து விரல். கைப்பேசியில் படம் எடுத்துக் கால்நடை மருத்துவரிடமோ வனக்காப்பாளரிடமோ காட்டலாம்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்று குவித்ததும், விவசாயிகள் தொடர்ந்து போராடிய பிறகு அரசு இழப்பீடு வழங்க முன்வந்ததும் நாம் அறிந்ததே. கொன்றது எது என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தராவிட்டால் இழப்பீடு கேட்பது கடினம். செத்த கோழியைப் புதைப்பதற்கு முன் படம் எடுத்து, மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

விஷமும் கண்ணியும் மின்கம்பியும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணையில் இரண்டு வகை நரிகளும் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. இந்த விலங்குகளை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததற்கு விலக்கு உண்டு. கோழியைக் காக்க அந்த விலக்கு இல்லை. இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் இல்லை. வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரி பிடித்து ஓடவிடும் வழக்கத்துக்காக வனத்துறை ஊர்க்காரர்களுக்கு அபராதம் விதித்திருக்கிறது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் விஷம் நமக்கே திரும்பும். முன்பு இதற்குப் பயன்பட்ட ஃபோரேட் குருணை 2020-ம் ஆண்டு இறுதியோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பழைய டப்பாவில் மிச்சம் இருப்பதை எடுத்து வைத்தால், அதை முதலில் தின்பது நம் வீட்டு நாயாக இருக்கும், அல்லது பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்காரரின் நாயாக. செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் மயிலும் சாகும். கொட்டகை ஓரம் விளையாடும் குழந்தையின் கைக்கும் அது எட்டும்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது எல்லாவற்றிலும் மோசம். அதில் நரியைவிட மனிதர்களே அதிகம் சிக்குகிறார்கள். தண்ணீர் கட்டப்போன பக்கத்துக் காட்டுக்காரர், வரப்பில் நடந்துவந்த கூலியாள், சில நேரம் கம்பி கட்டிய விவசாயியே பலியாகிறார். வழக்கு கொலைக்குற்றத்துக்கு நிகராகப் போகும். இந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

அந்தக் காலத்தில் வீட்டை ஒட்டி மண்ணாலோ கல்லாலோ கோழிக் கூடாப்பு கட்டி, பலகையை வைத்து அடைத்தார்கள். பஞ்சாரம் பகலில் குஞ்சையும் அடைக்கோழியையும் கவிழ்த்துவைக்கத்தான். இன்று கோழி எண்ணிக்கை கூடி, கொட்டகை தோப்புக்கும் காட்டுக்கும் போய்விட்டது. கூடாப்பின் கெட்டித்தனம் மட்டும் கூடவே போகவில்லை.

பொதுவான குறை வலையில் இருக்கிறது. கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். நரியும் நாயும் உள்ளே வராமல் தடுக்காது. ஒரு கண்ணைக் கடித்து இழுத்தால் அடுத்தடுத்துப் பிரிந்துவிடும். மீன்வலையும் நைலான் வலையும் அப்படித்தான். சுற்றுச்சுவருக்கு 14 கேஜ் அளவில், ஓர் அங்குலக் கண் கொண்ட வெல்டுமெஷ் வேண்டும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை அரை அங்குலக் கண் வைத்தால் பெருச்சாளி, பாம்பு, கீரி மூன்றும் நிற்கும். முழுவதும் வெல்டுமெஷ் வாங்க வசதியில்லாதவர்கள் அடிப்பாகத்தை இரண்டடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் கல்லிலோ செம்மண் சுவரிலோ எழுப்பி, மேலே மெஷ் அடிக்கலாம்.

அடுத்தது தரை. நரியும் நாயும் சுவரின் ஓரத்தில்தான் பறிக்கும். சுவருக்கு இரண்டடி தள்ளி நின்று பறிக்கத் தெரியாது. அதனால் சுவரோரம் தரையில் வெளிப்புறமாக இரண்டடி அகலத்துக்கு மெஷ்ஷைப் படுக்கவைத்து, சுவர் மெஷ்ஷோடு கம்பியால் கட்டி, மேலே நான்கு அங்குலம் மண்ணோ கல்லோ போட்டுவிடுங்கள். பறிக்கும் காலில் வலை தட்டும், விட்டுப் போய்விடும். 50 கோழி இரவில் அடைய 10 அடிக்கு 6 அடி கொட்டகை போதும். அதைச் சுற்றிப் படுக்கவைக்க மூலைகளையும் சேர்த்து 80 சதுர அடி மெஷ் ஆகும். அதன் விலையையும், ஒரே இரவில் போகும் கோழிகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தரையே வேண்டாம் என்பவர்கள் மூன்றடி உயரத்தில் பரண் கொட்டகை அமைக்கலாம். சவுக்கு அல்லது யூகலிப்டஸ் கால், மேலே ஓர் அங்குல இடைவெளி விட்ட ரீப்பர் தளம். எச்சம் கீழே விழும், கோழிக்குக் கழிச்சல் குறையும், எருவும் தனியாகச் சேரும். தளத்தின் அடியில் மெஷ் அடித்திருக்க வேண்டும். ஏறும் பலகையை இரவில் எடுத்துவிட வேண்டும்.

கூரைக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சந்து பலர் கண்ணில் படாது. மரநாய்க்கு அதுதான் வாசல். அந்தச் சந்தை மெஷ்ஷால் மூடுங்கள். ஓலைக் கூரை என்றால் ஓலைக்குக் கீழே ஒரு மெஷ் ஓட வேண்டும். கூரைமேல் தொங்கும் கிளைகளை வெட்டிவிடுங்கள். கதவின் அடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. சிமென்ட் படியோ ஒரு பலகைக் கல்லோ பதியுங்கள். கயிறு கட்டி மூடும் கதவு கதவே இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

நேரமும் சுத்தமும்

நல்ல கொட்டகை கட்டியும் கோழி போகிறது என்றால் அடைக்கும் நேரத்தைக் கவனியுங்கள். நரி அதிகம் நடமாடுவது பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அப்போதும் ஆறரைக்கு அடைக்கும் வழக்கம் ஆபத்து. பால் கறக்க நாலரைக்கு எழும்போதே கோழியையும் திறந்துவிடுவது அதைவிட ஆபத்து. பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பு அடையுங்கள். நன்றாக வெளுத்த பிறகு திறங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்து, ஒரு கைப்பிடி கம்போ குருணை அரிசியோ கொட்டகைக்குள் தூவிப் பழக்கினால் பத்து நாளில் கோழி தானே வந்து அடையும். அடைக்கும்போது எண்ணுங்கள். மரத்தில் அடையும் கோழி இரண்டு இருந்தால் அதைப் பார்த்து மற்றவையும் கெடும்.

நரியை வரவழைப்பது பல நேரம் நாம்தான். செத்த கோழியை ஓடையில் எறிவது, கோழி அறுத்த குடலையும் இறகையும் வேலியோரம் கொட்டுவது, கூமுட்டையைக் குப்பைமேட்டில் போடுவது எல்லாம் நரிக்கும் நாய்க்கும் நாம் அனுப்பும் அழைப்பு. அந்த வாசனைக்கு வந்தது, அடுத்த இரவு கொட்டகையை மோப்பம் பிடிக்கும். செத்ததை நான்கடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோய் பரவாமல் இருக்கவும் அதுதான் வழி. கொட்டகையைச் சுற்றி இருபது அடிக்குப் புதர், விறகுக் குவியல், கரும்புச் சோகை இல்லாமல் வைத்திருங்கள். மறைவில்லாத வெட்டவெளியைக் கடக்க நரி தயங்கும்.

தை, மாசியை ஒட்டி நரி குட்டி ஈனும். அடுத்த சில மாதங்களுக்குக் குட்டிகளுக்கும் சேர்த்து இரை தேடும். கரும்பு வெட்டு நடக்கும் காலத்தில் அதன் மறைவிடமும் போய்விடும். ஆண்டில் அந்த மாதங்களில் வலையையும் கதவையும் வாரம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

மினுக்கும் சூரிய விளக்கு, வானொலிச் சத்தம், பழைய துணிப் பொம்மை இவை சில நாட்களுக்குப் பலன் தரும். பிறகு பழகிப்போகும். அடிக்கடி இடம் மாற்றினால் பலன் சற்று நீளும். கெட்டியான கொட்டகைக்குத் துணையாக இவற்றை வைத்துக்கொள்ளலாம். கொட்டகைக்குப் பதிலாக வைக்க முடியாது. பெரிய மேய்ச்சல் பட்டிக்குச் சூரிய மின்வேலி நல்லது. விட்டு விட்டு அதிர்வு தரும் தரமான கருவியே வாங்க வேண்டும். தரையிலிருந்து அரையடி, ஓரடி, ஒன்றரை அடி உயரங்களில் மூன்று கம்பி இருந்தால் நரியின் மூக்கில் படும். கம்பியில் புல் தொட்டால் வேலி செத்துவிடும் என்பதால் அடிப்புல்லை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மின்வேலிகளைப் பதிவு செய்ய 2023-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலம் என்றால் வேலி போடும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய் நல்ல காவல். ஆனால் குட்டியிலிருந்தே கோழியோடு வளர்ந்த நாயாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காவலே களவாகும். ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள். நரிக்கும் வெறிநோய் வரும். பகலில் பயமில்லாமல் ஊருக்குள் வரும் நரியையும், தடுமாறி நடக்கும் நரியையும் நெருங்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம்.

நரி இல்லாத காடு

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று சொன்ன ஊர் இது. அந்த நம்பிக்கை எப்படியோ போகட்டும். வயலுக்கு நரியால் கணக்குப் பார்க்கத்தக்க நன்மை உண்டு. நெல்லிலும் நிலக்கடலையிலும் கரும்பிலும் எலி செய்யும் சேதம் விவசாயிக்குத் தெரியும். நரி ஆண்டு முழுவதும் எலி பிடிக்கிறது, அதற்கு நாம் கூலி தருவதில்லை. செத்ததைத் தின்று காட்டைச் சுத்தம் செய்கிறது. தரையில் இடும் மயில் முட்டையையும் காட்டுப்பன்றிக் குட்டியையும் தின்கிறது. நரி ஊளை கேட்காமல் போன பிறகுதான் மயில் தொல்லை கூடியது என்று பல ஊர்களில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். மயில் பெருகியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சைத் தள்ளிவிட முடியாது. புறம்போக்கு முள்காடும் பொட்டலும் மனையாகிவிட்ட நிலையில், நரிக்குப் போக்கிடம் குறைந்து நம் கொட்டகைப் பக்கம் வருகிறது.

திட்டத்தில் சேர வேண்டியது

250 நாட்டுக்கோழி கொண்ட சிறு பண்ணைக்கு அரசு 50 விழுக்காடு மானியம் தருகிறது. வறிய பெண்களுக்குக் குஞ்சு வழங்கும் திட்டமும் உண்டு. இவற்றில் குஞ்சு கொடுப்பதற்கு முன், இரவுக் கொட்டகையைப் பார்வையிட்டுச் சான்று தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். மெஷ்ஷின் கண் அளவு, தரையில் படுக்கவைத்த வலை, கூரைச் சந்து, இரண்டு தாழ்ப்பாள், அழிவுக் குழி என்று ஐந்தே கேள்வி கொண்ட ஒரு தாள் போதும். கொட்டகைக்கான செலவு மதிப்பீட்டிலேயே வெல்டுமெஷ் சேர வேண்டும். குஞ்சை மட்டும் கொடுத்துவிட்டுக் கொட்டகையைப் பற்றிக் கேட்காமல் விட்டால், அரசுப் பணத்தில் நரிக்கும் தெருநாய்க்கும் தீவனம் போட்டதாகும்.

விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த கிராமக் கூட்டத்தில் தடுப்பூசியைப் பற்றிப் பேசும்போது, ஒரு துண்டுக் கோழிவலையையும் ஒரு துண்டு வெல்டுமெஷ்ஷையும் கையில் எடுத்துப் போகலாம். இரண்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். விவசாயிகள் இன்று மாலை செய்ய வேண்டியது ஒன்றுதான். டார்ச் விளக்கோடு கொட்டகைக்குள் ஒருவர் நிற்கட்டும், இருட்டிய பிறகு இன்னொருவர் வெளியே சுற்றி வரட்டும். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ, அதில் மூன்று விரல் நுழையும் இடத்தையெல்லாம் நாளைக் காலையில் அடைத்துவிடுங்கள்.